நெருக்கடிக் காலத்தில் யாரிடம் வாங்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: வருமானம் குறைந்திருக்கும் நேரத்தில், செலவழிக்கும் கொஞ்சப் பணத்தை எந்த நிறுவனத்துக்குக் கொடுப்பது?

ஏற்றுமதிக்குத் தைக்கும் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க வரிக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கிடைத்தது. அதனால் அமெரிக்கக் கம்பெனிப் பொருட்களை வீட்டில் நிறுத்திவிட்டோம். இது சரிதானா? (திருப்பூர்)

உங்கள் கோபம் நியாயமானது. 2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருட்களின் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியபோது முதலில் அடிபட்ட ஊர்களில் உங்களுடையதும் ஒன்று. ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஒரு பொருளை ஒதுக்கினால், அடி நீங்கள் நினைத்த இடத்தில் விழாது. பெப்சியை இந்தியாவில் பெரும்பாலும் பாட்டிலில் அடைத்து விற்பது வருண் பெவரேஜஸ் என்னும் இந்திய நிறுவனம். கோல்கேட்டின் இந்திய நிறுவனத்தில் அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கு 51 சதவீதப் பங்குதான் இருக்கிறது. பெயரில் 'இந்துஸ்தான்' இருப்பதால் பலரும் உள்நாட்டு நிறுவனம் என்று எண்ணும் இந்துஸ்தான் யூனிலீவரில் சுமார் 60 சதவீதம் பிரிட்டிஷ் யூனிலீவரிடம் இருக்கிறது. உங்கள் ஊருக்கு உடனே பயன்படக்கூடியது வேறொன்று: உள்நாட்டு விற்பனைக்காகத் திருப்பூரில் தைக்கப்படும் பனியனையும் குழந்தைகள் உடுப்பையும் உறவினர்களை வாங்கச் சொல்லுங்கள். உறையில் 'சந்தைப்படுத்துபவர்' முகவரியை விட்டுவிட்டுத் 'தயாரித்தவர்' முகவரியைப் படியுங்கள்.

எது நல்ல கம்பெனி, எது கெட்ட கம்பெனி என்று ஒரு பட்டியல் அனுப்பவும். (ஊர் எழுதவில்லை)

அனுப்ப மாட்டேன். என்ன பொருள், எந்த ஊர், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று ஒரு வரிகூட எழுதாதவருக்கு எந்தப் பட்டியலும் உதவாது.

ஆவின் வாங்குவதா, தனியார் பால் வாங்குவதா? தனியார் பால்தான் கெட்டியாக இருக்கிறது என்கிறார் என் மனைவி. (விழுப்புரம்)

கெட்டித்தன்மையை ஒப்பிடும் முன் உறையின் நிறத்தை ஒப்பிடுங்கள். ஆவினில் நீல உறையில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 என்று கொழுப்பு மாறுகிறது. நீல உறையை ஒரு தனியார் நிறுவனத்தின் முழுக் கொழுப்புப் பாலோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது முறையல்ல. ஒரே கொழுப்பளவில் விலை கிட்டத்தட்ட சமமாக இருந்தால் நான் கூட்டுறவையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் அதன் அடித்தளம் கிராமத்துப் பால் உற்பத்தியாளர் சங்கம். உங்கள் பக்கத்து ஊர்ச் சங்கத்தில் பால் பணம் ஒழுங்காகப் பட்டுவாடா ஆகிறதா என்றும் விசாரியுங்கள். தாமதமானால் கேட்க வேண்டியது நுகர்வோரின் கடமையும்கூட.

மகள் திருமணத்துக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய்க்குத் துணி எடுக்க வேண்டும். பெரிய கடையில் தள்ளுபடி அதிகம். சிறிய கடைகளை ஆதரிக்க வேண்டும் என்கிறான் மகன். (கும்பகோணம்)

சிறியதா பெரியதா என்பதைவிட எனக்கு முக்கியமான ஒரு கேள்வி உண்டு. இதை முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்: அந்தக் கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார முடிகிறதா?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்றும், வேலை நேரம் முழுவதும் அவர்களை நிற்க வைக்கக் கூடாது என்றும் கூறுகிறது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. சட்டம் வந்த பிறகும், தீபாவளி நேரத்தில் நான் போன ஒரு பெரிய ஜவுளிக் கடையில் காலை பத்து மணிக்குப் பார்த்த பெண் இரவு எட்டு மணிக்கும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கணுக்கால் வீங்கியிருந்தது. மேலாளரிடம் கேட்டபோது, நாற்காலி மாடியில் இருக்கிறது என்றார். அன்று எடுத்து வைத்த புடவைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டாருக்கு வருத்தம்தான், ஆனாலும் அந்தக் கடைக்குள் நான் மறுபடி நுழையவில்லை. விற்பனை மந்தமாகும்போது ஆட்களைக் குறைத்து, மிஞ்சியவர்களின் தலையில் இருவர் வேலையைச் சுமத்துவதுதான் பல கடைகளின் முதல் சிக்கனம். நமக்குக் கிடைக்கும் 'அதிரடித் தள்ளுபடி'யில் ஒரு பங்கு அந்தக் கால்களிலிருந்து எடுக்கப்பட்டது. எங்கோ தொலைவில் இருக்கும் நிறுவனத்தைப் புறக்கணிக்கும் நாம், எதிரே நிற்பவர் உட்கார்ந்தாரா என்று பார்க்காமல் முப்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்கிறோம்.

ஆகவே துணி எடுக்கும் முன் ஒருநாள் சும்மா போய்ப் பாருங்கள். சிறிய கடையிலும் இதே கொடுமை உண்டு என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். முகூர்த்தப் புடவையைக் கைத்தறியில் எடுப்பதானால், 1935 முதல் நெசவாளர் கூட்டுறவாக இயங்கும் கோ-ஆப்டெக்ஸையும் ஊர் நெசவாளர் சங்கத்தையும் முதலில் பார்த்து, கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று சரிபாருங்கள். எங்கே வாங்கினாலும் ரசீது வாங்குங்கள்.

மூன்று தலைமுறையாக எங்களுக்குப் பழக்கமான நகைக்கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. ஆதரவாக இருக்கட்டும் என்று மாதம் 5,000 ரூபாய் நகைச் சீட்டில் சேர நினைக்கிறேன். (காரைக்குடி)

சேராதீர்கள். முன்பணம் கொடுத்து எந்த நிறுவனத்தையும் ஆதரிக்கக் கூடாது என்பதை இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் போதவில்லை. கம்பெனியாகப் பதிவான கடை, பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்கு மேல் வைத்திருந்தால் அது வைப்புத்தொகையாகக் கருதப்பட்டு, அதற்கான விதிகளுக்கு உட்படும். அதனால்தான் இத்தகைய சீட்டுகள் 11 மாதத்தோடு முடிகின்றன. கடை நொடித்துப் போனால் அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கும் தொழிலாளருக்கும் போக மிஞ்சுவதில்தான் உங்கள் 55,000 ரூபாயைத் தேட வேண்டும், பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. மாதாமாதம் அதே தொகையை வங்கியில் போட்டு வைத்து, ஆண்டு முடிவில் அதே கடையில் ரொக்கம் கொடுத்து, ஹால்மார்க் நகையை ரசீதோடு வாங்குங்கள். கடைக்காரருக்கு வியாபாரமும் உங்களுக்கு நகையும் கிடைக்கும்.

தெருமுனை மளிகைக் கடையைவிட ஆப்பில் மாதம் 200 ரூபாய் மிச்சம். மனது கேட்கவில்லை. (சென்னை)

அந்த 200 ரூபாய் உங்களுக்கு அவசியமானால் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா? பாக்கெட் விலையை ஒப்பிடாமல், உறையில் அச்சிட வேண்டிய கிராம் விலையை ஒப்பிடுங்கள். சம்பளம் தாமதமான மாதத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தவர் யார் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

உள்ளூர் நிறுவனம் என்று நம்பி வாங்கிய மிக்ஸி இரண்டே மாதத்தில் எரிந்துவிட்டது. ரசீது இல்லை. வழக்குப் போடலாமா? (தேனி)

ரசீது இல்லாமல் உள்ளூர் நிறுவனமும் உதவாது, வெளியூர் நிறுவனமும் உதவாது. யுபிஐ மூலம் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துக்கொண்டு முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அங்கே கட்டணம் கிடையாது.