பைன் மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் வெள்ளையும் பச்சையுமாக வந்திருக்கிறது. அதை ஒட்டுக்கட்டித் தனி மரமாக்க முடியுமா?

முடியும். தோட்டங்களில் இன்று நாம் பார்க்கும் வேரிகேட்டட், அதாவது இலையில் இரு நிறம் கலந்த, ஊசியிலை மரங்களில் பல இப்படிக் கிடைத்தவைதான். யாரோ ஒருவர் ஒரு மரத்தைக் கடந்து போகாமல் நின்று, ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்து, அதிலிருந்து குச்சி வெட்டி ஒட்டியிருக்கிறார். உங்கள் கேள்வியில் சொன்னதை வைத்துப் பார்த்தால் கையெட்டும் உயரத்தில் ஒரு கிளை. அதில் சில ஊசிகள் முழு வெள்ளை, சில பாதி வெள்ளை, மீதி பச்சை. இந்த வருடத் தளிரில்தான் முதன்முதலாகக் கண்ணில் பட்டிருக்கிறது. நான் பல வருடங்களாக ஊசியிலை மரங்களை ஒட்டுக்கட்டி வருகிறேன், அதிலும் இந்த இருநிற மரங்கள் மேல்தான் எனக்கு அதிக ஆசை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வருடம்தான் பார்த்தீர்கள் என்றால், முதலில் அது நோயில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெக்னீசியம் குறைந்தால் பைன் ஊசிகளின் நுனி பொன்மஞ்சளாகும், அடிப்பகுதி பச்சையாகவே இருக்கும். டோத்திஸ்ட்ரோமா என்ற பூஞ்சை ஊசியைச் சுற்றிச் செம்பழுப்புப் பட்டை போடும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது அழகான வரி மாதிரியே தெரியும். செஞ்சிலந்தி தாக்கினால் ஊசி பொடிப்புள்ளியாக மங்கும். களைக்கொல்லி பட்டாலும் தளிர் வெளுத்து வரும். உண்மையான வேரிகேஷனில் வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே கோடு துல்லியமாக இருக்கும், வெள்ளைப் பகுதி வாடாமல் பச்சை ஊசியைப் போலவே வளைந்து கொடுக்கும். எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை அடுத்த தளிர்தான். அதே கிளையில் அதே பக்கத்தில் மறுபடி வெள்ளை வந்தால் சந்தேகமே வேண்டாம். கிளையில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

சரி, அது உண்மையானதுதான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எந்த மாதிரி வேரிகேஷன் என்று தெரிய வேண்டும். ஜப்பானியச் செம்பைனில் 'ஓக்குலஸ் டிரக்கோனிஸ்' என்று ஒரு வகை உண்டு. அதன் ஒவ்வோர் ஊசியிலும் மஞ்சள் பட்டைகள் விழும். பைன் ஊசி அடியிலிருந்து வளர்வது, அதாவது நுனிதான் மூத்த பகுதி. ஒரு தளிரின் ஊசிகள் எல்லாம் ஒன்றாகவே வளர்வதால் பட்டைகளும் ஒரே மட்டத்தில் அமைகின்றன. கிளையின் நுனிக்கு நேராக நின்று பார்த்தால் கண்மணியைச் சுற்றி வளையம் போட்டது போல் இருக்கும். இந்தக் குணம் மரம் முழுக்க இருக்கிறது, எந்தக் குச்சியை எடுத்து ஒட்டினாலும் பட்டை வரும். ஓரியண்டல் ஸ்ப்ரூஸின் 'ஆரியோஸ்பிகேட்டா' இன்னொரு ரகம்: வசந்தத்தில் தளிர் முழுக்க இளமஞ்சளாக வந்து, சில வாரங்களில் பச்சைக்கு மாறிவிடும். இவை இரண்டையும் ஒட்டுபவருக்குக் குச்சியைத் தேர்ந்தெடுப்பதில் தலைவலியே இல்லை.

உங்களுடையது அப்படி இல்லை. ஒரு கிளையில் மட்டும், ஒழுங்கில்லாமல், முழு வெள்ளையும் பாதி வெள்ளையும் கலந்து வந்திருக்கிறது என்றால் அது கைமீரா. வளரும் நுனியில் ஏதோ ஒரு செல் பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்து, அதன் வாரிசு செல்களும் பச்சையச் செல்களும் ஒரே கிளையில் சேர்ந்து வளர்கின்றன. பூக்கும் செடிகளில் நுனியின் வெளியடுக்குச் செல்கள் பெரும்பாலும் தம் அடுக்குக்குள்ளேயே பிரியும். அதனால்தான் வெள்ளைக் கரை போட்ட இலைகள் வருடக்கணக்கில் மாறாமல் வருகின்றன. ஊசியிலை மரங்களில் அந்தக் கட்டுப்பாடு தளர்வு. வெளிச்செல்கள் உள்நோக்கியும் பிரியும், அடுக்குகள் கலந்துவிடும். சீரான வெள்ளைக் கரை இங்கே கிடைக்காது. ஜூனிபரின் 'வேரிகேட்டட் கைசூக்கா'வைப் பாருங்கள்: பச்சைக்கு நடுவே அங்கங்கே ஒரு கொத்து முழுசாகப் பால்மஞ்சளில் இருக்கும், பக்கத்துக் கொத்தில் அதன் சுவடே இருக்காது.

ஆகவே எந்த மொட்டை எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டிய பிறகு மரமாக வளரப்போவது குச்சியின் நுனி மொட்டு. குச்சியில் இப்போது இருக்கும் ஊசிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை உதிர்ந்து போகிறவை. மொட்டு பச்சைப் பகுதியில் உட்கார்ந்திருந்தால் பச்சை மரம்தான் வரும். மொட்டு முழு வெள்ளையில் இருந்தால் வெள்ளைத் தளிர் வந்து, கையிருப்புச் சத்து தீர்ந்ததும் கருகும். வேண்டியது இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் மேல் இருக்கும் மொட்டு. அதைக் கண்டுபிடிக்க, மொட்டைச் சுற்றியுள்ள ஊசிக் கொத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கக் கொத்துகள் வெள்ளை, எதிர்ப்பக்கக் கொத்துகள் பச்சை, நடுவில் சில ஊசிகளில் நெடுக்குவாட்டில் பாதிப் பாதி: அப்படி இருந்தால் கோடு மொட்டுக்குள்ளும் போக வாய்ப்பு அதிகம். கண்ணைப் பறிக்கும் முழு வெள்ளைக் குச்சியை விட்டுவிட்டு, பார்க்கச் சாதாரணமாக இருக்கும் முக்கால் பச்சைக் குச்சியை எடுக்க மனசு வராது. ஆனாலும் அதைத்தான் எடுக்க வேண்டும்.

முழு வெள்ளை எப்படிப் பிழைக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் கடலோர ரெட்வுட் மரங்களே சாட்சி. அங்கே பச்சையமே இல்லாத வெள்ளை ரெட்வுட்கள் உண்டு, தாய் மரத்தின் வேரிலிருந்து முளைத்து அதன் உணவிலேயே உயிர் வாழ்கின்றன. பிரித்தால் போய்விடும். வெள்ளையும் பச்சையும் கலந்த ரெட்வுட் அதைவிட அபூர்வம். கொட்டாட்டி என்ற ஊரில் அப்படி ஒரு மரம் ரயில் பாதைக்காக வெட்டப்படுவதாக இருந்தது. ஆர்வலர்கள் குரல் கொடுத்ததால் 2014-ல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். ஒரு மரத்துக்காக இவ்வளவு பேர் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நிறைகிறது.

உங்கள் கிளையில் எல்லைக்கோட்டு மொட்டு ஒன்றுகூட இல்லை என்றாலும் வழி இருக்கிறது. வெள்ளை ஊசிகள் இருக்கும் பகுதிக்குச் சற்று மேலே, ஊசிகள் இன்னும் இருக்கும் தண்டிலேயே, தளிர் மென்மையாக இருக்கும்போது நுனியைக் கிள்ளிவிடுங்கள். பைனில் ஊசிக் கொத்துகளின் நடுவிலிருந்து புது மொட்டுகள் கிளம்பும். அவற்றில் சில கோட்டின் மேல் விழலாம். ஊசி உதிர்ந்த பழைய தண்டில் வெட்டினால் பைன் துளிர்க்காது.

வேர்ச்செடிக்கு, அதாவது குச்சியைத் தாங்கப்போகும் வேருள்ள கன்றுக்கு வருவோம். பைனில் ஒரு கொத்துக்கு எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் ஸ்காட்ஸ் பைன் கன்று, ஐந்து என்றால் கிழக்கத்திய வெள்ளைப் பைன் கன்று பொதுவாக ஒத்துப்போகும். ஸ்ப்ரூஸ் இனங்களுக்கு நார்வே ஸ்ப்ரூஸ் ஒன்றே போதும். டக்ளஸ் ஃபரை அதன் சொந்த இனத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். ஜூனிபர், துஜா என்றால் ஒட்டவே தேவையில்லை, குச்சியை நட்டாலே வேர் விடும். பைன் அப்படி விடாது, அதனால்தான் இத்தனை பாடும்.

காலம் குளிர்காலத்தின் இறுதி. தொட்டியில் வேர்பிடித்த, பென்சில் தடிமன் கன்றைச் சில வாரம் முன்பே சற்றே வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தொட்டியிலிருந்து மெல்லக் கழற்றிப் பார்த்தால் வேர்களின் நுனி வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதுதான் வேர்ச்செடி விழித்துவிட்டதற்கு அடையாளம். ஒட்டுக்குச்சியோ நேர்மாறாக நல்ல தூக்கத்தில் இருக்க வேண்டும். ஒட்டுக்குச் சில நாள் முன்பிருந்து வேர்ச்செடிக்குத் தண்ணீரைக் குறைத்தால் வெட்டில் பிசின் பொங்காது.

பக்க ஒட்டுதான் இதற்குச் சரி. குச்சி போன வருட வளர்ச்சியாக, ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கட்டும். கீழ்ப்பாதி ஊசிகளை நீக்கிவிட்டு, ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே இழுப்பில் சீவுங்கள். கத்தி நின்று நின்று போனால் மேடு பள்ளம் வரும், அந்தப் பள்ளத்தில் காற்று தங்கும். குச்சியின் அடியில் மறுபக்கமும் சின்னதாகச் சீவி ஆப்பு மாதிரி ஆக்குங்கள். வேர்ச்செடியின் அடித்தண்டில் அதே நீளத்துக்குப் பட்டையோடு மெல்லிய சீவல் இறக்கி, அடியில் அது ஒட்டியே இருக்கும்படி விடுங்கள். இப்போது இரண்டு வெட்டுகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரமாகப் பளபளக்கும் மெல்லிய இளம்பச்சைக் கோடு தெரியும். அதுதான் கேம்பியம், புதுச் செல்கள் உண்டாகும் அடுக்கு. வேர்ச்செடியின் பட்டை தடிப்பாகவும் குச்சியின் பட்டை மெலிதாகவும் இருப்பதால், வெளித்தோலோடு வெளித்தோலைச் சேர்த்து வைத்தால் இந்தக் கோடுகள் விலகிப் போகும். குச்சியைக் கொஞ்சம் உள்வாங்கி, ஒரு பக்கமாவது கோட்டோடு கோடு பொருந்த வையுங்கள். ரப்பர் பட்டையால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுங்கள். கத்தியில் படியும் பிசினை ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஆல்கஹாலில் துடைத்துவிட வேண்டும்.

அப்புறம் ஈரப்பதம் காக்க மேலே பாலிதீன் மூடி, நேர் வெயில் படாத இடம், 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். ஒட்டு சேரப் பல வாரங்கள் ஆகும். மொட்டு பருத்ததும் பிடித்துவிட்டது என்று மூடியைத் திறந்துவிடாதீர்கள். குச்சி தன் கையிருப்பை வைத்தே மொட்டை விரிக்கும்; ஒட்டு சேரவில்லை என்றால் அதற்குப் பிறகு தொய்ந்துவிடும். புது ஊசிகள் உறையைக் கிழித்துக்கொண்டு நீண்டு நிற்பதுதான் நம்பக்கூடிய சேதி. அதன் பிறகும் மூடியை ஒரேயடியாக எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்.

வேரிகேட்டட் குச்சிக்கு இன்னொரு சலுகை தேவை. பச்சையம் குறைவு என்பதால் அது தயாரிக்கும் உணவும் குறைவு. சாதாரண ஒட்டில் வேர்ச்செடியின் மேல்பகுதியைச் சீக்கிரம் கழித்துவிடுவோம். இதில் ஒரு வருடத்துக்கு மேலும் சில பச்சைக் கிளைகளை விட்டுவைத்து, படிப்படியாகக் கழிப்பதே என் வழக்கம். வேர் அதனால் பலமாக இருக்கும்.

பக்கக் கிளையிலிருந்து குச்சி எடுத்தால் மரம் நிமிருமா என்று சிலர் கேட்பார்கள். பைன் பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். ஸ்ப்ரூஸும் ஃபரும் பக்கவாட்டிலேயே போகப் பார்க்கும், குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டும். நார்ஃபோக் தீவுப் பைனில் பக்கக் கிளையை எடுத்தால் கடைசிவரை பக்கக் கிளையாகவே வளரும்.

நடும் இடத்தைப் பொறுத்தவரை, வெள்ளைக்குப் பிற்பகல் வெயில் ஆகாது, கருகும். பொன்னிறத்துக்கு வெயில் வேண்டும், நிழலில் பச்சையாகிவிடும். கனடாவின் ஹைடா குவாய் தீவில் யாகூன் ஆற்றங்கரையில் நின்ற புகழ்பெற்ற பொன் ஸ்ப்ரூஸ் அப்படித்தான்: வெயில் பட்ட பக்கம் பொன்னாகவும் நிழல் பக்கம் பச்சையாகவும் இருந்தது. ஹைடா மக்கள் கீட்க்யாஸ் என்று போற்றிய அந்த 300 வயது தாண்டிய மரத்தை 1997 ஜனவரியில் ஒருவர் வேண்டுமென்றே அறுத்துச் சாய்த்தார். அதன் ஒட்டுக்கன்றுகள் அதற்கு முன்பே வேறிடத்தில் வளர்ந்துகொண்டிருந்தன. ஆகவே ஒரு ஒட்டோடு நிறுத்தாதீர்கள். கிளை தாங்கும் அளவுக்குக் குச்சி எடுத்துப் பலவற்றை ஒட்டி, பிடித்தவற்றில் ஒன்றிரண்டை நம்பிக்கையான வேறு கைகளிலும் கொடுத்து வையுங்கள். தாய்க்கிளையை முழுக்க வெட்டிவிடவும் வேண்டாம்.

ஒட்டுக்கன்றில் முழுப் பச்சைத் தளிர் கிளம்பினால் உடனே அடியோடு நீக்குங்கள். அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். முழு வெள்ளைத் தளிரையும் அதிகம் விடாதீர்கள். நிறம் சில வருடம் நிலைத்து, அந்தக் கன்றிலிருந்து மறுபடி ஒட்டியவையும் அதே மாதிரி வந்தால், அப்போது பெயர் வைக்கலாம். ஊசியிலை மர வகைகளின் பெயர்களைப் பதிவு செய்வது பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி. 1959-க்குப் பிறகு வரும் புது வகைகளுக்கு 'வேரிகேட்டா' மாதிரியான லத்தீன் பெயர் செல்லாது, பேச்சு மொழி ஒன்றில்தான் வைக்க வேண்டும். தமிழிலேயே வைக்கலாம்.