கட்டுச்சோறும் இரண்டாம் கியரும்

விடுமுறை நெருங்கியதும் கடிதங்களின் பேச்சே மாறிவிடுகிறது. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஊருக்குப் போவதும் வண்டி ஓட்டுவதும் வழிச்சாப்பாடும்தான். அதனால் அவற்றையே முதலில் எடுத்துக்கொண்டேன்.

காலையில் கட்டிக்கொண்டு போகும் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
*வாசகி, கரூர்*

தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றிக் கிளறுங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கரண்டி தயிர். அது டப்பாவுக்குள்ளேயே மெல்ல உறைந்து, நீங்கள் திறக்கும் நேரத்துக்குச் சரியான பதத்தில் இருக்கும். கிளம்பும்போது கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், நேரம் ஆக ஆக இறுகிவிடும். பச்சை வெங்காயம் வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறும்போதெல்லாம் என் அம்மா மூன்று பொட்டலம் கட்டுவார். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, தயிர்சாதம், புளியோதரை. பிரிப்பதும் அதே வரிசையில்தான். புளியோதரை மறுநாள் காலை வரை தாங்கும் என்பதால் அது கடைசி. புளிக்காய்ச்சலில் தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டார். வாழையிலையைத் தீயில் வாட்டித்தான் கட்டுவார். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழிந்துவிடும். அந்த வாட்டிய இலையின் மணம் சோற்றில் ஏறியிருக்கும். எந்த எவர்சில்வர் டப்பாவிலும் அது எனக்குக் கிடைத்ததில்லை.

முதல்முறையாக வால்பாறைக்கு நானே கார் ஓட்டிப் போகப் போகிறேன். கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.
*வாசகர், ஈரோடு*

ஏறுவதற்குப் பயப்பட வேண்டாம். இறங்குவதில்தான் கவனம் வேண்டும்.

நான் பொள்ளாச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆழியாறிலிருந்து மேலே போகும் அந்த 40 வளைவுகளில் எத்தனை முறை போய்வந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒருமுறை குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தோம். என் கொழுந்தனார் ஓட்டினார். பெட்ரோல் மிச்சமாகும் என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தார். பாதி வளைவுகளைத் தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை. அப்புறம் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பித்தது. அவர் முகம் வெளுத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். எப்படியோ முதல் கியருக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கையும் பிடித்து, ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தினார். பின்சீட்டில் என் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை எழுப்பவில்லை.

முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் பாறையில் இரண்டு வரையாடுகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. கீழே ஆழியாறு அணை. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றலாமா என்று கொழுந்தனார் கேட்டார். அவ்வழியே வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கிவந்து, "ஊத்தாதீங்க, சூட்டுல இரும்பு விரிசல் விட்டுரும். தானா ஆறட்டும்" என்றார். பிறகு அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, செங்குத்தான இடத்தில் முதலாவது. இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, உள்ளேயிருக்கும் எண்ணெய் கொதித்து ஆவியாகும். மிதி பஞ்சாவது அதனால்தான். ஆட்டோமேட்டிக் வண்டியானால் டி-யிலேயே விடாமல், குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரம் வரும். மெதுவாகப் போய், பார்த்து ரசியுங்கள். ஆனால் தயவுசெய்து ஒரு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு சாலைக்கே வந்து நிற்கும், வண்டியில் அடிபடும்.

மலைப்பாதையில் குழந்தைக்கு வாந்தி வருகிறதே?
*வாசகி, திருப்பூர்*

வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். போனைக் கையில் கொடுக்காமல், ஜன்னலைத் திறந்து தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு வழிச்சாலை வந்தபின் ஊர்களே கண்ணில் படுவதில்லை. உங்களுக்கு அதில் வருத்தம் உண்டா?
*வாசகர், மதுரை*

உண்டு. ஆனாலும் பழைய சாலை திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டேன். மதுரையிலிருந்து நெல்லைக்கு ராத்திரியில் எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் போன காலம் எனக்கு நினைவிருக்கிறது. நடுவில் தடுப்பு வந்தபின் எத்தனையோ பேர் உயிரோடு வீடு சேர்கிறார்கள்.

நான் செய்வது இதுதான். பகலில் போனால் ஒரு ஊராவது உள்ளே இறங்கிப் போவேன். ஒருமுறை சாத்தூரில் காராச்சேவு, அடுத்தமுறை கோவில்பட்டியில் கடலைமிட்டாய். கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கரிசல் மண்ணின் கடலையும் வெல்லப்பாகின் பதமும் சேர்ந்தது அந்த ருசி. சாலையோர மால்களில் அடுக்கியிருக்கும் பாக்கெட்டைவிட, ஊருக்குள் போய் வாங்குவது எனக்குப் பிடிக்கும். அரை மணி நேரம் தாமதமாகும், ஆகட்டும்.

அப்பாவுக்கு 76 வயது. ஊரில் இன்னும் கார் ஓட்டுகிறார். சாவியை வாங்கி வைத்துவிடலாமா?
*வாசகர், சென்னை*

அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்வாருங்கள். தெருமுனையில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாரா, எதிர் வண்டி வெளிச்சத்தில் தடுமாறுகிறாரா, வண்டியின் இடப்பக்கத்தில் புதிதாகக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் அப்பா விஷயத்தில் எங்கள் வீட்டு கேட் தூண்தான் சொல்லிக்கொடுத்தது. ஒரு பொங்கலுக்குப் போனபோது, அந்தத் தூணில் அவருடைய மாருதி 800-இன் நீல வண்ணம் ஒட்டியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் உடனே கேட்கவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவே, "பொழுது சாய்ஞ்சா ரோடு மங்கலாத் தெரியுதும்மா" என்றார். கண்புரை. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு இருட்டில் ஓட்டுவதில்லை, கடைத்தெருவையும் பாபநாசத்தையும் தாண்டுவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். மூன்று வருடம் அப்படி ஓட்டினார். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள், அதற்கு டாக்டர் சான்றிதழும் வேண்டும். அடுத்த புதுப்பிப்பு வந்தபோது, "இனி வேண்டாம், கால் சொன்னபடி கேக்கல" என்று சாவியை என் கையில் வைத்தார்.

அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. யாரையும் எதிர்பார்க்காமல், நினைத்த நேரத்துக்கு ஆற்றங்கரைக்குப் போய்வர அவருக்கு இருந்தது அந்த வண்டிதான். அதனால்தான் சொல்கிறேன், சாவியை வாங்கும் முன் பதிலுக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். நாங்கள் தெருவில் இருந்த ஆட்டோக்காரத் தம்பியிடம் மாதச் சம்பளம் பேசினோம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு அவர் வாசலில் நிற்பார். அப்பா துண்டோடு தயாராக இருப்பார். அப்பா போகும்வரை ஒரு வாரம்கூட அது தவறவில்லை.

புது இரும்பு தோசைக்கல் வாங்கினேன். ஒரு தோசைகூட எடுக்க வரவில்லை.
*வாசகி, தஞ்சாவூர்*

கல் இன்னும் பழகவில்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரை இரண்டு நாள் மாற்றி மாற்றி ஊற்றிவையுங்கள். பிறகு ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி ராத்திரி முழுக்க விடுங்கள். அதை மூன்று நாள் செய்யுங்கள். நான்காம் நாள் அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். முதல் இரண்டு தோசை பிய்ந்தால் பரவாயில்லை, மூன்றாவது வந்துவிடும். அந்தக் கல்லில் சப்பாத்தி மட்டும் போடாதீர்கள். அதற்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள்.