சுவாவுக்கு வரும் தம்பிக்கு, காட்டைப் பற்றி

ஃபிஜியில் வேலை கிடைத்திருக்கிறது, சுவாவில் வாடகை எவ்வளவு, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி, சனி ஞாயிறில் காட்டுக்குள் நடக்கப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் பள்ளியும் வந்து இறங்கி நாலு பேரை விசாரித்தால் தெரிந்துவிடும். காட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் மழை. சுவா இருப்பது விட்டிலெவு தீவின் தென்கிழக்கு ஓரம். கடற்காற்று நேரே மலையில் மோதும் பக்கம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டும். மலைக்கு அந்தப்பக்கம் நாடி என்ற ஊர் காய்ந்து கிடக்கும், கரும்பு விளையும். நான் வந்த புதிதில் இருந்த வீட்டில் பெல்ட், செருப்பு, கல்யாண ஆல்பம் வரை பூஞ்சணம். வீட்டுக்காரரிடம் சொன்னால், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். திறந்தால் சாரல்! அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஊரை ஒட்டிய தோலோ-இ-சுவா பூங்காவுக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே நிறைய நட்டு வளர்த்த மகோகனிதான். அசல் காடு நமோசி மலைப்பக்கம். அது கேட்பாரற்ற இடமில்லை. நாட்டு நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்தம். சந்தையில் யங்கோனா (இடித்து நீரில் கரைத்துக் குடிக்கும் காவா) வேர்க்கட்டு வாங்கிப் போய், தொப்பியைக் கழற்றி, ஊர்ப் பெரியவர் முன் சம்மணமிட்டு வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நம் ஆட்கள் சிலர், அதற்குப் பதில் காசு கொடுத்தால் ஆகாதா என்பார்கள். ஆகாது. அவர்கள் ஆஸ்திரேலியா விசாவுக்குக் காத்திருப்பவர்கள், அவர்களிடம் வழி கேட்காதீர்கள்.

பாம்புக்குப் பயப்பட வேண்டாம். காலில் புண்ணோடு ஓடையில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் இங்கே சாதாரணம். மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம் வேறு.

அப்புறம் கௌகாரோ மரம். அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். வழிகாட்டிப் பையன் கத்தியால் தூரத்திலிருந்தே சுட்டிக்காட்டினான். அடிமரத்தில் கறுத்த கசிவைப் பார்த்ததும், அட, நம் சேங்கொட்டையின் பங்காளி என்று புரிந்தது. சலவைக்காரர் துணியில் குறி போட்ட அதே சாதி மரம். அவனிடம் அந்தக் கதையைச் சொல்ல, அன்று மாலை யங்கோனாச் சட்டியைச் சுற்றி அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பெரியவர் ஃபிஜி இந்தியில் கேட்டார்: "மதராஸியா? அப்படியானால் தீ மிதிப்பாயா?" 1903க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்மவர்கள் கொண்டுவந்த தீமிதி இங்கே எல்லோருக்கும் தெரியும். மிதித்ததில்லை என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இன்னொரு சிரட்டை ஊற்றினார்.