ஷாம்பூ மாறிக்கொண்டே இருக்கிறது, பொடுகு மாறவில்லையே?

கேள்வி: வணக்கம் சார். வயது 27. சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். நாலு வருஷமாகப் பொடுகு விடவில்லை. கறுப்புச் சட்டை போட முடியவில்லை. விளம்பரத்தில் வரும் ஷாம்பூ எல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று. பத்து நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி. இப்போது புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் செதில் வருகிறது. எதை வாங்கினால் அடியோடு போகும்? பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, 'அடியோடு' என்ற எதிர்பார்ப்பை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் பணம் கரைந்தது அந்த ஒரு வார்த்தையால்தான். மலசீசியா என்ற பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அதைத் தின்று அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பு எடுக்கும், தோல் அவசர அவசரமாக உரிந்து செதிலாகக் கொட்டும். பூஞ்சையைக் குறைக்கலாம், ஒரேயடியாக விரட்ட முடியாது. பத்து நாளில் நன்றாகி மறுபடி வந்தது என்றால் அந்த ஷாம்பூ வேலை செய்திருக்கிறது, நீங்கள் நிறுத்தியதும் பூஞ்சை திரும்பியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் வருவது இதே கோளாறு கொஞ்சம் கடுமையான நிலையில் இருப்பது. செபோரிக் டெர்மடைட்டிஸ் என்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, அடுத்தவருக்கு ஒட்டாது.

பெயர் கேட்டீர்கள். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன், மருந்தின் பெயரைச் சொல்கிறேன். பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் அதைத் தேடுங்கள். உங்கள் அளவுக்கு முற்றியிருந்தால் முதலில் வாங்க வேண்டியது கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ. இது மருந்துக் கடைச் சரக்கு. மளிகைக் கடையில் தொங்கும் சாஷேயில் பெரும்பாலும் ஜிங்க் பைரிதியோனோ பிராக்டோன் ஓலமைனோ இருக்கும். லேசான பொடுகுக்கு அவையே போதும். செலினியம் சல்பைடு என்று இன்னொன்று உண்டு, அதுவும் நன்றாகவே கேட்கும். ஆனால் உங்கள் தொழிலுக்கு ஓர் எச்சரிக்கை: அது பட்டால் வெள்ளி கறுத்துவிடும். மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள். கையை நன்றாகக் கழுவாமல் பட்டறைச் சரக்கைத் தொடாதீர்கள்.

வாங்குவதை விடப் போடும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நுரை வந்ததும் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். மருந்து தோலில் நிற்க நேரம் வேண்டாமா? தலையை நனைத்து, முடிக்குப் போடாமல் விரல் நுனியால் தோலில் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போட்டுக்கொள்ளலாம். புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் அந்த நுரையையே தடவுங்கள், கண்ணில் மட்டும் படக்கூடாது. வாரம் இரண்டு முறை, 4 வாரம். நின்ற பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ தொடர வேண்டும். பாதிப் பேர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். உலைச் சூட்டில் வேலை செய்கிறவருக்கு வியர்வை அதிகம். மற்ற நாட்களிலும் மாலையில் தலையை அலசுவது நல்லது, அதற்குச் சாதாரண ஷாம்பூ போதும்.

செலவைப் பார்ப்போம். வெட்டிய முடிக்கு ஒரு தடவைக்கு 5 மில்லி தாராளம். மாதம் 8 தடவை என்றால் 40 மில்லி, ஆக 100 மில்லி பாட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் வரும். ஒரே 2 சதவீத மருந்தைக் கம்பெனிக்கு ஒரு விலையில் விற்கிறார்கள். அதனால் விலையை மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து, பில் கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் 'இது சீக்கிரம் கேட்கும்' என்று குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் கலந்த லோஷனோ களிம்போ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், அதனால்தான் பிடித்துப்போகிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். முகத்தில் போட்டால் இன்னும் மோசம். டாக்டர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும்தான் அதைத் தொட வேண்டும்.

நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் அசையவில்லை என்றால், அல்லது வெள்ளி நிறத்தில் தடித்த செதில் முழங்கை, முழங்காலிலும் இருந்தால், அது சொரியாசிஸாக இருக்கலாம். அப்போது ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறோம். மார்கழி, தை வந்தால் எனக்குப் பொடுகு கூடிவிடுகிறது. மாமியார் இராத்திரி எண்ணெய் வைத்துக் காலையில் அரப்புப் போடச் சொல்கிறார். எலுமிச்சையும் தேய்க்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: மாமியார் சொன்னதில் அரப்பு நல்ல யோசனை. உசில் இலைத் தூள் எண்ணெயையும் அழுக்கையும் நன்றாக எடுக்கும். சேலம் பக்கத்துத் தலைமுறைகள் அதில் குளித்து வளர்ந்தவைதானே. ஆனால் பூஞ்சையை அடக்கும் மருந்தாக அதை நம்ப வேண்டாம், சாதாரண ஷாம்பூவின் இடத்தில் வையுங்கள். வாங்கும்போது கொஞ்சம் விரலில் தேய்த்துப் பாருங்கள், மண் நறநறத்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

இராத்திரி முழுக்க எண்ணெய் வேண்டாம் அம்மா. பூஞ்சைக்கு நாமே விருந்து வைப்பது போலாகும். செதில் கெட்டியாக ஒட்டியிருந்தால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவி ஊறவிட்டு, முழுவதும் அலசிவிடுங்கள். எலுமிச்சை கண்டிப்பாக வேண்டாம். சொறிந்து புண்ணான தோல் எரியும், சாற்றோடு வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்புளிக்கவும் செய்யும். மலைக்குளிருக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வதும் தோலை வறட்டும், வெதுவெதுப்பாக இருந்தால் போதும். பனிக்காலத்தில் மட்டும் மருந்து ஷாம்பூவைக் கொஞ்சம் நெருக்கமாகப் போடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 7 வயது. தலையில் செதிலோடு ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக முடி கொட்டியிருக்கிறது. குழந்தைகளுக்கான பொடுகு ஷாம்பூ எது வாங்கலாம்? ஆத்தூர் வாசகி.

பதில்: எதையும் வாங்காதீர்கள், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வயதில் பொடுகு அபூர்வம். வட்டமாக முடி போயிருப்பது தலைப் படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு உள்ளுக்கு மாத்திரை சாப்பிட வேண்டும், ஷாம்பூ மட்டும் போதாது. விட்டால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் பார்க்கலாம். சீப்பு, துண்டு, தலையணையைத் தனியாக வையுங்கள். வீட்டில் மற்ற குழந்தைகள் தலையையும் பாருங்கள், இது ஒட்டும்.

கேள்வி: ஒரு முடி சிகிச்சை நிலையத்தில் பொடுகை நிரந்தரமாகப் போக்குவதாகச் சொல்லி 8 அமர்வுக்கு 18,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். மூன்று அமர்வு முடிந்தும் பலன் இல்லை. மீதிப் பணம் தர மறுக்கிறார்கள்.

பதில்: நிரந்தரம் என்று சொன்ன விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கின் பலமே அந்த வார்த்தைதான். முதலில் பாக்கி 5 அமர்வுக்கான 11,250 ரூபாயைக் கேட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அங்கேயும் தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மீதி அமர்வுகளுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டால், பணம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு எழுத்தில் பதில் வரும் வரை போகாதீர்கள்.