முதன்முறையாக கேம் உருவாக்கும் ஒருவர், ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் ஃபேன்டசி ஆர்பிஜிக்கு (ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் கேமுக்கு) எப்படித் திட்டமிட வேண்டும்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: உங்களுக்கு ஓரளவு நிரல் எழுத வரும். ஒருவர் மட்டும் ஆடும் சின்ன கேம் இரண்டு முடித்திருக்கிறீர்கள். அடுத்து, மந்திரவாதிகளும் டிராகன்களும் உலவும் உலகத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஆடும் எம்எம்ஓஆர்பிஜி செய்ய ஆசை. 40 பக்கத் திட்டம் கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது, இப்போதே ஆள் சேர்க்கலாமா?

ஆள் சேர்க்க வேண்டாம். முதலில் அந்த 40 பக்கத்தைப் புரட்டி, ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்: தரையில் ஒரு வாள் கிடக்கிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதை எடுக்கிறார்கள். யாருக்குக் கிடைக்கும்?

என் திட்டத்தில் பதில் இல்லை. என்னுடையது 63 பக்கம். ஏழு ராஜ்ஜியங்கள், அவற்றுக்குள் முந்நூறு ஆண்டுச் சண்டை, பதினான்கு வகை மந்திரம், அரச குடும்பங்களின் வம்சாவளிப் படம்கூட உண்டு. அதை எழுதிய நான்கு மாதமும் கேம் செய்துகொண்டிருப்பதாகவே நினைத்தேன். உண்மையில் யாரும் படிக்கப்போகாத ஒரு நாவலுக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

நிரல் எழுத உட்கார்ந்த பிறகுதான் வாள் விவகாரம் கிளம்பியது. முதல் தவறு அநேகமாக எல்லோரும் செய்வது. "வாளை எடுத்துவிட்டேன்" என்று கிளையன்ட், அதாவது ஆடுபவரின் கணினியில் ஓடும் கேம், சர்வருக்கு, அதாவது எல்லோரையும் இணைக்கும் பொதுக் கணினிக்குச் சொன்னது. சர்வரும் நம்பியது. இரண்டு கிளையன்ட் சொன்னால் இரண்டு பேருக்கும் வாள். கிளையன்ட் எதையும் அறிவிக்கக் கூடாது, "எடுக்கலாமா" என்று கேட்க மட்டும்தான் வேண்டும், தீர்ப்பு சர்வருடையது. நடப்பது, அடிப்பது, வாங்குவது, விற்பது எல்லாவற்றுக்கும் இதேதான். கிளையன்ட் ஆடுபவரின் கையில் இருக்கிறது; அதிலிருந்து வரும் எந்தத் தகவலையும் அவரால் மாற்றி அனுப்ப முடியும். இதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி நிரலைத் திரும்ப எழுத வேண்டிவரும். நான் எழுதினேன்.

இரண்டாவது தவறு இன்னும் சுவையானது. ஒவ்வொருவர் பையிலும் என்ன இருக்கிறது என்பதை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் டேட்டாபேஸில் சேமித்தேன். தரையில் கிடப்பதை மட்டும் உடனுக்குடன் சேமித்தேன். ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. சோதித்துப் பார்க்க வந்த நண்பன் வாளைக் கீழே போட்டான். சரியாக அந்த நேரம் பார்த்து சர்வர் படுத்துவிட்டது. மறுபடி ஓடவிட்டால் தரையில் ஒரு வாள், அவன் பையிலும் ஒரு வாள்! அரட்டைப் பெட்டியில் மிக நீளமாக எதையாவது ஒட்டினால் சர்வர் படுத்துவிடும் என்பதையும் அவன் கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் என்ன, இரண்டையும் பையில் போட்டு, 5 நிமிடம் காத்திருந்து, கீழே கொட்டி, சர்வரைக் கவிழ்த்து... 4, 8, 16. ஆறாவது முறை 64 வாள். என் ஏழு ராஜ்ஜியங்களின் ஆயுதச் சந்தை அரை மணி நேரத்தில் திவால்.

தீர்வு, தெரிந்த பிறகு வெட்கப்படும் அளவுக்கு எளிது. பைக்கு ஒரு பட்டியல், தரைக்கு ஒரு பட்டியல் என்று வைக்காமல், ஒவ்வொரு பொருளுக்கும் டேட்டாபேஸில் ஒரே ஒரு வரிசை. அதில் "இப்போது எங்கே" என்று ஒரு கட்டம். வாள் கைமாறினால் அந்தக் கட்டம் மட்டும் மாறும். ஒரே வாள் இரண்டு இடத்தில் இருக்க வழியே இல்லை. இருவர் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொண்டால் இரண்டு வரிசைகளும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் மாற வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்காது. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி உண்டு. டிராகனுக்கு எத்தனை தலை என்பதற்கு முன்னால் உங்கள் திட்டத்தில் இது இருக்க வேண்டும்.

அடுத்து அந்த "ஆயிரக்கணக்கானோர்". 10 பேர் ஒரே இடத்தில் நின்றால், ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற ஒன்பது பேருக்குச் சொல்ல 90 தகவல். 100 பேர் என்றால் 9,900. நொடிக்கு 10 முறை அனுப்பினால் 99,000. ஆள் பத்து மடங்கானால் சுமை ஏறத்தாழ நூறு மடங்கு. பக்கத்தில் இருப்பவர்களின் தகவலை மட்டும் அனுப்புவது, உலகத்தைத் துண்டு துண்டாகப் பல சர்வர்களில் ஓட்டுவது என்று வழிகள் உண்டு, ஆனால் முதல் கேமில் அந்த வம்பு எதற்கு? தவிர, ஆயிரம் பேர் வரமாட்டார்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பெரிய உலகம் கட்டி ஆறு பேர் மட்டும் உள்ளே வந்தால், ஒருவரையொருவர் பார்க்காமலே வெளியேறிவிடுவார்கள். எட்டுப் பேருக்குத் திட்டமிடுங்கள். ஒரு கிராமம், ஒரு சுரங்கம் போதும்; எட்டுப் பேரும் முட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்ன இடம்.

சண்டை எந்த வேகத்தில் நடக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அதைப் பின்னால் மாற்றுவது நரகம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்பவே குறைந்தது 100 மில்லிசெகண்ட். நடுவில் இருக்கும் ரவுட்டர்களெல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். இதை எந்தத் திறமையாலும் குறைக்க முடியாது. குறி பார்த்து வில் விடுவது, நொடியில் விலகித் தப்பிப்பது மாதிரியான சண்டை வேண்டுமென்றால், சர்வர் பதில் சொல்வதற்கு முன்பே கிளையன்ட் ஊகித்து நகர்த்த வேண்டும், ஊகம் தப்பினால் ஆடுபவர் கண்ணுக்குத் தெரியாமல் திருத்த வேண்டும். அதுவே தனிப் படிப்பு. மெதுவான சண்டை என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற எம்எம்ஓஆர்பிஜியில் உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் ஓரடி நகர்கிறது. அதற்குள் தகவல் போய்வர நேரம் தாராளம். அதை யாரும் கேம் இல்லை என்று சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், முதல் மாதம் படமே வேண்டாம். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த மட் என்ற கேம் வெறும் எழுத்துதான். "வடக்கே போ", "வாளை எடு" என்று தட்டச்சு செய்து ஆடுவார்கள். நீங்களும் அப்படி மூன்று அறை, ஒரு வாள், ஒரு பூதம், அரட்டை, லாகின் இவ்வளவையும் வைத்து ஒன்று எழுதிப் பாருங்கள். கஷ்டமான பாகம் முழுக்க அதற்குள்ளேயே வந்துவிடும். சர்வர் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு அதன்மேல் படம் ஒட்டுவது ஒப்பிட்டால் சுலபம். கேம் எஞ்சின், அதாவது கேம் கட்ட உதவும் அடிப்படை மென்பொருள், எது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கோடோ இலவசம், போதும். படங்களுக்கு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுக்கும் சிசி0 உரிமத்தில் கிடைப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது ஒன்று. ஒரே கணினியில் இரண்டு ஜன்னல் திறந்து ஆடிப் பார்த்தால் எல்லாம் வெண்ணெயாக வழுக்கும், காரணம் அங்கே தாமதமே கிடையாது. 200 மில்லிசெகண்ட் தாமதமும் கொஞ்சம் பாக்கெட் இழப்பும் (அனுப்பிய தகவல் துண்டுகள் வழியில் தொலைவது) வேண்டுமென்றே சேர்த்து ஆடுங்கள். லினக்ஸில் நெட்எம் என்ற கருவி இதைச் செய்யும். நான் அதைச் சேர்த்த அன்று என் மந்திரவாதி சுவருக்குள் பாதி உடம்போடு நின்றுகொண்டிருந்தார்.

பொருளாதாரம், சூழலியல் என்று பெரிதாக எழுதி வைத்திருந்தால் அதைத் தனிக் கோப்பில் போட்டுவிடுங்கள். 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற எம்எம்ஓஆர்பிஜிக்கு, புல் தின்னும் விலங்கு, அதை வேட்டையாடும் விலங்கு என்று ஒரு உயிர்ச் சங்கிலியையே வடிவமைத்தார்கள். ஆடியவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ள, சங்கிலி உருவாகவே வழியில்லாமல் போய், கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். அவர்கள் கைதேர்ந்தவர்கள். நமக்கு என் நண்பன் ஒருவனே போதும்.

ஆள் சேர்ப்பதற்கு வருகிறேன். 40 பக்கத்தைக் காட்டினால் வருபவர்களும் உங்களைப் போல யோசனை வைத்திருப்பவர்களாகவே இருப்பார்கள். வாரம் ஒரு புது ராஜ்ஜியம் சேரும். எட்டுப் பேர் உள்ளே நுழைந்து பூதத்தை அடித்து, சர்வரை அணைத்துப் போட்ட பிறகும் வாள் ஒன்றாகவே இருந்தால், அந்தக் கேமின் சுட்டியை அனுப்பி, சேர வருகிறீர்களா என்று கேளுங்கள். எனக்கு ஓவியர் கிடைத்தது அப்படித்தான். 63 பக்கத்தை அவர் இன்னும் படிக்கவில்லை.