முதலில் கொடுக்க வேண்டியது பக்கத்துச் சபை

கேள்வி: லண்டனிலும் டொரண்டோவிலும் அகதிக் குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடாமல் இருக்க நகர சபைகளே காசு ஒதுக்குகின்றன என்று என் மைத்துனர் சொல்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு, மண்சரிவில் வீடிழந்த தோட்டக் குடும்பங்களுக்கு நம் சபைகளும் வாடகை கொடுக்க வேண்டும் என்று சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் கட்டும் சோலைவரி குப்பை அள்ளவே போதவில்லை. தோட்டத்து ஆட்களைத் தோட்டக் கம்பனியோ அரசாங்கமோ பார்த்துக்கொள்ளட்டுமே?
(ஹட்டன் வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் மைத்துனர் சொன்னது சரி. ஆனால் அந்தச் சபைகள் மனமிரங்கித் தருமம் செய்வதாக எண்ண வேண்டாம். இன்று கொடுக்காவிட்டால் நாளைக்கு இதைவிடப் பெரிய செலவு தங்கள் தலையில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டால் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அன்றுதான் அடுத்த கஷ்டம் ஆரம்பிக்கிறது. அதுவரை அரசு கொடுத்திருந்த தங்குமிடத்தை 28 நாளில் காலி செய்யச் சொல்வதுதான் அங்கே நெடுநாள் வழக்கம். பெரும்பாலும் அதுவரை வேலை செய்யவே அனுமதி இல்லாத ஒருவர், அந்த நாலு வாரத்துக்குள் வேலை தேட வேண்டும், வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும், வீட்டுக்கு முற்பணம் புரட்ட வேண்டும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் இருக்கும், தகுதியுள்ள எவருக்கும் உள்ளூர்ச் சபை முன்கூட்டியே உதவ வேண்டும் என்கிறது. மேலே உள்ள அரசு கொடுத்து வந்தது 28 நாள். கீழே உள்ள சபைக்குச் சட்டம் போடும் கணக்கு 56 நாள். அல்லாடுவது குடும்பம். 2024 டிசம்பரில் அரசும் 56 நாளாக நீட்டிப் பார்த்தது. முற்பணத்தைக் கட்டி, வீட்டுக்காரரோடு பேசி ஒரு குடும்பத்தை முன்கூட்டியே குடியமர்த்திவிட்டால் அத்தோடு முடிந்தது. விட்டுவிட்டால் அதே குடும்பத்தை மாதக்கணக்கில் விடுதி அறையில் வைத்து, இரவுக்கு இவ்வளவு என்று அதே சபைதான் கட்ட வேண்டிவரும்.

டொரண்டோவில் 2023 கோடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நகரின் தங்குமிடங்கள் நிரம்பிவிட்டன. அகதிக் கோரிக்கையாளர்கள் நடைபாதையில் படுத்தார்கள். அவர்கள் மத்திய அரசின் பொறுப்பு என்றது நகரம். பணம் கொடுத்துத்தானே இருக்கிறோம் என்றது மத்திய அரசு. இந்த வாக்குவாதம் நடந்த நாட்களில் தேவாலயங்கள்தான் கதவைத் திறந்துவிட்டன. ஜூலையில் மத்திய அரசு 21 கோடியே 20 இலட்சம் டொலர் அறிவித்தது. அதில் 9 கோடியே 70 இலட்சம் டொரண்டோவுக்கு. காசு இருந்திருக்கிறது. யார் கொடுப்பது என்று முடிவாவதற்குள் மனிதர்கள் தெருவில் கிடந்தார்கள்.

உங்கள் கேள்வியிலும் அதே வாதம்தான் இருக்கிறது. கம்பனி பார்க்கட்டும், அரசாங்கம் பார்க்கட்டும். இந்த 'பார்க்கட்டும்' நம் மலையகத்தில் என்ன செய்தது என்பதற்கு மீரியபெத்த தோட்டமே சாட்சி. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அதிகாரிகளே பிறகு சொன்னார்கள். போகச் சொல்லலாம், எங்கே போவது? வேலையும் அங்கே, வீடும் அங்கே, காணி யார் பெயரிலோ. உயிர் தப்பியவர்களும் புதிய வீட்டுக்குப் போகக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் காத்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் எங்கும் மீண்டும் மண் சரிந்தது.

மண்சரிவு அபாயம், வெளியேறுங்கள் என்ற எச்சரிக்கைத் தாள் கையில் கிடைத்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் பாடசாலை மண்டபம். பாடசாலை திறக்கும் நாள் வந்ததும் கோயில் மண்டபம், அப்புறம் சொந்தக்காரர் வீடு. டவுனில் ஓர் அறை கேட்டால் வீட்டுக்காரர் ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம் கேட்கிறார். நாட்சம்பளக்காரர் எங்கே போவார்? போதாததற்கு, டவுனில் இருந்து தோட்டத்துக்குக் காலையில் பஸ் பிடித்துப் போனால் பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் நேரத்துக்கு, தவறிவிடும். அன்றைய பெயர் போய்விடும், கூலியும் போய்விடும். கடைசியில் அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு, வெடித்த சுவருள்ள அதே லயக்காம்பராவுக்குத் திரும்புகிறார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் பாடசாலை மண்டபம். தெருவில் படுக்காததால் இவர்களை வீடற்றவர் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

தோட்டத்துக்குச் சபைப் பணம் எதற்கு என்பது உங்கள் வாயில் இருந்து வந்தது எனக்கு வேதனை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டத்துப் பாதைக்கும் தண்ணீருக்கும் செலவழிக்க முடியாது என்று வருடக்கணக்காகக் கைவிரித்தார்கள். போராடி, பேசி, 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அந்தத் தடையைச் சட்டத்தில் இருந்து எடுத்துவிட்டு நாமே மனசுக்குள் வைத்துக்கொள்ளலாமா? சம்பள நாளில் உங்கள் கடைத்தெருவை நிரப்புவது யார்? நகர சபைக்குக் கடை வாடகையும் வியாபார உரிமக் கட்டணமும் வருவது யார் வாங்கும் அரிசியாலும் துணியாலும்?

சபைகளிடம் காசு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீடு கட்டிக்கொடுக்க அவற்றால் முடியாது, கேட்கவும் இல்லை. காணியும் வீடும் கம்பனியும் அரசும் தீர்க்க வேண்டியவை. அந்தக் கடனில் இருந்து அவர்களை விடவே கூடாது. நான் சொல்வது அதற்கு முந்திய ஆறு மாதத்தைப் பற்றி. ஒரு சிறு நிதி. எச்சரிக்கைத் தாள் வந்த வீட்டுக்கு முற்பணத்தை வீட்டுக்காரரிடமே சபை நேராகக் கட்டட்டும். பிறகு மேலிடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். தோட்டம் பிரதேச சபை எல்லையில், வாடகை அறை நகர சபை எல்லையில் என்று இழுபறி வரும். இரண்டு தலைவர்களும் மழைக்கு முன்பே ஒரு மேசையில் உட்கார்ந்து பாதிப் பாதி என்று எழுதிக்கொள்ளட்டும்.

வருட முடிவில் அடுத்த வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும். அதில் இதற்கென்று ஏதாவது பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று உங்கள் வட்டார உறுப்பினரைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறோம்.