போரை முடிக்க ஜப்பான் மீது அணுகுண்டு வீசியது நியாயமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு குண்டுகளையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நான் பிரித்துத்தான் பார்ப்பேன். ஹிரோஷிமாவைப் பற்றி இரு தரப்பிலும் வாதாட இடமிருக்கிறது. நாகசாகிக்கு வக்காலத்து வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

குண்டை ஆதரிப்பவர்கள் சொல்வது அனைத்தும் வீண்பேச்சு அல்ல. ஒகினாவா என்ற ஒரு தீவைப் பிடிப்பதற்குள் இரு தரப்பு வீரர்களும் பொதுமக்களுமாக லட்சத்துக்கு மேல் மாண்டார்கள். அடுத்து 1945 நவம்பரில் ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவில் அமெரிக்கப் படை தரையிறங்கத் திட்டம் தயாராக இருந்தது. சீனாவிலும் மலேயாவிலும் ஜப்பானிய ஆட்சியின் கீழ் மக்கள் வதைபட்டுக்கொண்டிருந்தார்கள். சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்த மலேயாத் தமிழர்களின் வீடுகளில் போய், போர் இன்னும் சில மாதம் நீளட்டும் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

ஆனால் 'பத்து லட்சம் அமெரிக்கர்களின் உயிர் தப்பியது' என்ற கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அந்த எண்ணைப் பரப்பியது, அமெரிக்கப் போர்த்துறைச் செயலராக இருந்த ஸ்டிம்சன் 1947இல் எழுதிய கட்டுரை. அவரே அதில் காயமடைவோரையும் சேர்த்துத்தான் சொன்னார்.

நாகசாகிக்கு வருவோம். முதல் குண்டை ஆகஸ்ட் 3க்குப் பிறகு வீசலாம், அடுத்தடுத்த குண்டுகளைத் தயாரானதும் வீசலாம் என்று ஜூலை 25 அன்றே உத்தரவு போய்விட்டது. எனவே இரண்டாவது குண்டுக்காக யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஆகஸ்ட் 11ஆம் தேதி வீசுவதாக இருந்தார்கள். வானிலை கெடும் என்று தெரிந்ததும் 9ஆம் தேதிக்கு மாற்றினார்கள். அன்றைய முதல் இலக்கும் நாகசாகி அல்ல, கொகுரா என்ற வேறொரு நகரம். அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகியை நோக்கித் திரும்பியது. காலை 11.02க்குக் குண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நகரில் இறந்தவர்கள் 70 ஆயிரத்துக்கு மேல்.

அதே காலையில் டோக்கியோவில் ஆறு பேர் கொண்ட உயர் போர்க்குழு சரணடைவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. சமரசம் செய்துவைக்கும் என்று ஜப்பான் நம்பியிருந்த சோவியத் யூனியன் அன்று விடியுமுன்பே ஜப்பான் வசமிருந்த மஞ்சூரியாவுக்குள் படையோடு புகுந்திருந்தது. நாகசாகிச் செய்தி கூட்டத்தின் நடுவில்தான் வந்தது. சரணடையும் நிபந்தனைகள் பற்றிக் குழுவில் இருந்த மூவருக்கு மூவர் என்ற பிளவு அதனால் மாறவில்லை. நள்ளிரவுக் கூட்டத்தில் பேரரசர் தலையிட்ட பிறகே முடிவு பிறந்தது. ஆகஸ்ட் 15 வானொலி உரையில் அவர் 'கொடிய புதிய குண்டை'க் காரணம் காட்டினார். 17ஆம் தேதி படையினருக்கு விடுத்த ஆணையில் சோவியத் நுழைவைச் சொன்னார், குண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. யாரிடம் எந்தக் காரணம் எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10 அன்று, தம் நேரடி அனுமதி இல்லாமல் இனி அணுகுண்டு வீசக்கூடாது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் உத்தரவிட்டார். இன்னொரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே முடியவில்லை என்று அமைச்சரவையில் அவர் சொன்னதாக, அங்கிருந்த வணிகத்துறைச் செயலர் வாலஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஹிரோஷிமாச் செய்தி கைக்கு வந்த அன்றே அந்த உத்தரவைப் போடுவதற்கு அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.